வானத்தைச் சுட்ட துப்பாக்கி

லாஸ் ஏஞ்சலஸின் கொல்லைப்புறங்கள் வழியாக இரண்டு பேர் ஓடுகிறார்கள். முன்னால் ஓடுகிறவன் முகத்தில் ரொனால்ட் ரேகன் முகமூடி. பின்னால் எஃப்.பி.ஐ. அதிகாரி ஜானி யூட்டா. வேலியைத் தாண்டி, முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து ஓட்டம் தொடர்கிறது. நடுவில் 'ரேகன்' ஒரு நாயைத் தூக்கி யூட்டா மேல் எறிகிறான். கடைசியில் ஒரு கான்கிரீட் கால்வாய்க்குள் குதிக்கும்போது யூட்டாவின் முழங்கால் மடங்கிவிடுகிறது. பழைய காயம். எழ முடியாமல் கிடந்தபடியே துப்பாக்கியை நீட்டுகிறான். வேலியில் ஏறிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்கிறான். முகமூடி ஓட்டைகளுக்குள் தெரியும் அந்தக் கண்கள் யூட்டாவுக்குப் பழக்கமானவை. விரல் அழுத்த மறுக்கிறது. மல்லாந்து சாய்ந்து, அலறியபடி, இருக்கிற குண்டையெல்லாம் வானத்தை நோக்கிச் சுட்டுத் தீர்க்கிறான்.

1991 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் வெளியான 'பாயின்ட் பிரேக்' படத்தை நினைவு வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். கதை ரொம்ப எளிது. முன்னாள் அமெரிக்க அதிபர்களின் முகமூடி போட்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கும் கும்பல் ஒன்று, சர்ஃபிங் (பலகையில் நின்று கடல் அலைமேல் சறுக்குவது) செய்பவர்களாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அதிகாரி சர்ஃபிங் கற்றுக்கொண்டு கடற்கரைக் கூட்டத்துக்குள் நுழைகிறான். போன இடத்தில் கூட்டத்தின் தலைவனோடு ஒட்டிக்கொள்கிறான். திருடனைப் பிடிக்கப் போன போலீஸ் திருடனோடு சிநேகமாகிற கதை நமக்கொன்றும் புதிதில்லை. ஆனால் கேத்ரின் பிகலோ இயக்கிய இந்தப் படத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. தான் யார் பக்கம் என்பதை யூட்டா வாயைத் திறந்து ஒருமுறைகூட முடிவாகச் சொல்வதில்லை. முக்கியமான ஒவ்வொரு இடத்திலும் அவனுக்குப் பதிலாக அவன் உடம்பு முடிவெடுக்கிறது.

அதற்குப் போகும் முன், கதை எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்துவிடலாம்.

வங்கிக் கொள்ளையின் உலகத் தலைநகரம் என்று லாஸ் ஏஞ்சலஸுக்கு அந்தக் காலத்தில் பெயர் இருந்தது. படத்திலும் யூட்டாவின் மேலதிகாரி முதல் நாளே அதைச் சொல்லித்தான் அவனை மிரட்டுகிறார். சினிமா மிகை என்று ஒதுக்க முடியாது. நகரத்தையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்த்து 1992இல் மட்டும் 2,641 வங்கிக் கொள்ளைகள் பதிவாயின. காரணம் ஊரின் அமைப்பிலேயே இருந்தது. மூலைக்கு மூலை வங்கிக் கிளை. வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை, அதில் ஏறிவிட்டால் பத்து நிமிடத்தில் வேறொரு ஊர். வாடிக்கையாளரை மிரட்டுவதுபோல் ஆகிவிடும் என்று பல கிளைகளில் காசாளருக்கு முன்னால் தடுப்புக் கண்ணாடிகூட வைக்கவில்லை. 1983-84இல் எடி டாட்சன் என்பவர் தனியாளாக 64 வங்கிகளைக் கொள்ளையடித்தார். ஒரே நாளில் ஆறு. நியூயார்க் யாங்கீஸ் தொப்பி போட்டுக்கொண்டு வந்ததால் எஃப்.பி.ஐ. அவருக்கு வைத்த பெயர் 'யாங்கீ கொள்ளையன்'. இப்படிப் பட்டப்பெயர் வைப்பது அங்கே வழக்கமாகவே இருந்தது. படத்துக் கும்பலை 'முன்னாள் அதிபர்கள்' என்று அழைப்பதும் அதே பாணி.

இந்தக் கொள்ளைகளையும் கடற்கரையையும் முடிச்சுப் போட்டது ரிக் கிங் என்பவரின் யோசனை. அப்போது ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் இலிஃப் அதைத் திரைக்கதையாக்கினார். முதலில் ரிட்லி ஸ்காட் இயக்க, மேத்யூ பிராட்ரிக் யூட்டாவாக நடிப்பதாகப் பேச்சு. அது நின்றுபோனது. பின்னால் பிகலோவிடம் வந்தது. அப்போது அவருடைய கணவராக இருந்த ஜேம்ஸ் கேமரூன் நிர்வாகத் தயாரிப்பாளர். இருவரும் சேர்ந்து திரைக்கதையைத் திருத்தி எழுதினார்கள், ஆனால் எழுத்தாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஏறக்குறைய 2.4 கோடி டாலரில் எடுத்த படம் உலகமெங்கும் 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நல்ல வசூல்தான். ஆனால் அதே ஜூலையில் கேமரூனின் 'டெர்மினேட்டர் 2' ஓடிக்கொண்டிருந்தது, அதன் முன்னால் இதெல்லாம் சில்லறை.

அந்த முகமூடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரேகன், நிக்ஸன், கார்ட்டர், ஜான்சன். நான்கு பேர். 1991இல் உயிரோடிருந்த முன்னாள் அதிபர்கள் என்று கணக்குப் பார்த்தால் ஜெரால்ட் ஃபோர்டும் உண்டு. அவரை விட்டுவிட்டு, 1973லேயே இறந்துபோன ஜான்சனைச் சேர்த்திருக்கிறார்கள். ஃபோர்டைத் திருடனாகக்கூட யாரும் கற்பனை செய்யவில்லை போலும். தலைவனுக்கு ரேகன் முகம் கொடுத்தது மட்டும் தற்செயலாகத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்து அதிபரானவர் அவர். படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் பதவிக்காலம் முடிந்திருந்தது. அதே 1989இல் கலிஃபோர்னியாவின் லிங்கன் சேவிங்ஸ் நிறுவனம் திவாலாகி, சேமிப்பைப் பறிகொடுத்த முதியவர்கள் தெருவில் நின்றார்கள். நாங்கள் பல வருடமாக உங்களை ஏமாற்றி வந்தவர்கள்தானே, இன்னும் சில நொடி பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ரேகன் முகமூடி பேசும்போது திரையரங்கில் சிரிப்பு எழுந்திருக்கும். கொஞ்சம் கசப்பான சிரிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பாயின்ட் பிரேக்' வந்த அதே நாளில்தான் 'பாய்ஸ் இன் த ஹுட்' படமும் வெளியானது. அதுவும் லாஸ் ஏஞ்சலஸ்தான், ஆனால் தெற்குப் பகுதியின் கறுப்பின இளைஞர்கள், நாள்தோறும் துப்பாக்கிச் சத்தம். நான்கு மாதங்களுக்கு முன்புதான் கறுப்பினத்தவரான ராட்னி கிங்கைப் போலீஸ்காரர்கள் அடித்து நொறுக்கியது வீடியோவில் பதிவாகியிருந்தது. பிகலோவின் படத்தில் அந்த நகரமே கிடையாது. இவர்களுடைய லாஸ் ஏஞ்சலஸ் கடலோரம் மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். போலீஸும் திருடனும் ஒருவரை ஒருவர் கண்டு மயங்குவது என்பது, போலீஸைக் கண்டாலே ஓட வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு மட்டும் வாய்க்கிற சொகுசு. படத்தை நான் ரசிப்பதற்கு இது தடையில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இது உறுத்தாமல் இருப்பதும் இல்லை.

சரி, தலைப்புக்கு வருவோம். சர்ஃபிங் உலகில் 'பாயின்ட் பிரேக்' என்பது ஒரு வகை அலைக்குப் பெயர். நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் அலை சாய்வாக வந்து மோதும். ஆழம் குறைந்த பக்கம் வேகம் தணிந்து, அலை முனையைச் சுற்றி வளையும். அதனால் ஒரேயடியாகக் கவிழாமல், ஒரு முனையில் தொடங்கி வரிசையாக உடைந்துகொண்டே போகும். பலகையில் நிற்பவனுக்கு நீண்ட தூரம் சறுக்கக் கிடைக்கும். மணல் கரையில் உடையும் அலை இன்று இங்கே, நாளை நாலடி தள்ளி. முனையில் உடையும் அலை ஏறக்குறைய அதே இடத்தில் உடையும். பார்க்க வேண்டுமென்றால் கலிஃபோர்னியா வரை போக வேண்டாம். இலங்கையில் பொத்துவில் பக்கத்து அறுகம்குடாவில் உலகமே தேடி வருகிற ஒரு பாயின்ட் பிரேக் இருக்கிறது. இரண்டு சொற்களையும் இடம் மாற்றினால் 'பிரேக்கிங் பாயின்ட்', அதாவது தாங்க முடியாமல் முறியும் இடம். தலைப்பு வைத்தவர்கள் இரண்டையும் மனதில் வைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

சர்ஃபிங் செய்கிறவன் திருடனாக இருப்பான் என்பது எங்கிருந்து வந்த கற்பனை? முற்றிலும் கற்பனையும் இல்லை. 1964 அக்டோபரில் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜன்னல் வழியே நுழைந்து, 563 காரட் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' நீலக்கல்லைத் திருடிய கும்பலில் ஜாக் மர்ஃபி என்ற ஃபுளோரிடா சர்ஃபர் இருந்தார். 'மர்ஃப் த சர்ஃப்' என்று பத்திரிகைகள் அவரைக் கதாநாயகனாக்கின. அதே ஆள் பின்னால் கொலை வழக்கில் தண்டனை பெற்றபோது அந்த மோகம் அசிங்கமாகிப்போனது. மாலிபு கடற்கரையில் ராஜா மாதிரி இருந்த மிக்கி டோரா 1970களில் மோசடி வழக்கில் சிக்கி, நாட்டை விட்டே கிளம்பி வருடக்கணக்காக அலைந்தார். வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது, அலையைத் தவிர எதற்கும் கட்டுப்படாமல் இருப்பது, அதற்கான காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தோளைக் குலுக்குவது. இந்த மனிதர்களின் சாயலெல்லாம் போதியிடம் இருக்கிறது.

போதி. பேட்ரிக் ஸ்வேஸி நடித்த அந்தத் தலைவனின் பெயர். போதிசத்துவர் என்பதன் சுருக்கம் என்று படமே சொல்கிறது. ஹாலிவுட்காரர்களுக்கு அது கவர்ச்சியான கீழைநாட்டுச் சொல். போதி மரத்தையும் மணிமேகலையையும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் வேறு மாதிரி ஒலிக்கிறது. போதிசத்துவர் யார்? விடுதலையின் வாசல்வரை போயும், மற்ற உயிர்களைக் கரையேற்றுவதற்காகத் தன் விடுதலையைத் தள்ளிப்போடுகிறவர். இந்தப் போதி செய்வது நேர் எதிர். தன் ஒரே ஒரு அலைக்காகக் கூட இருந்தவர்களையெல்லாம் பலி கொடுக்கிறான்.

இரண்டு பக்கமும் இழுபடுகிறவன் என்றால் எல்லாரும் யூட்டாவைத்தான் சொல்கிறார்கள். போதிக்குள்ளும் அந்த இழுபறி உண்டு, அவன் அதை ஒத்துக்கொள்ளாததுதான் வித்தியாசம். அந்தக் கும்பலுக்குக் கறாரான விதிகள் இருந்தன. வங்கிக்குள் 90 நொடிதான். காசாளர் மேசைப் பணம் மட்டும். பெட்டக அறைப் பக்கம் போகக் கூடாது. யாரையும் கொல்லக் கூடாது. இதனால்தான் அவர்கள் மூன்று ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. யூட்டா போலீஸ் என்று தெரிந்த பிறகு, போதி தன் விதிகளை ஒவ்வொன்றாக மீறுகிறான். யூட்டாவின் காதலி டைலரைப் பணயமாகக் கடத்தி வைக்கிறான், வன்முறை பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே. யூட்டாவை மிரட்டிக் கொள்ளைக்கு இழுத்துப்போகிறான். பெட்டக அறைக்குள் நுழைகிறான். நொடிகள் கடக்கின்றன, துப்பாக்கி வெடிக்கிறது, நண்பன் ஒருவன் அங்கேயே விழுகிறான். அடுத்து விமான நிலையத்தில் இன்னொருவன். மூன்றாமவன் மெக்ஸிகோ மண்ணில் இறங்கிய பிறகு உயிரை விடுகிறான். சுதந்திரம், ஆன்மா என்று அவன் பேசியதெல்லாம் காதில் இருக்க, கணக்கு மட்டும் பிணங்களாக நிற்கிறது. ஸ்வேஸியின் சிரிப்பு அவ்வளவு அழகாக இல்லாவிட்டால் போதியை முதல் அரைமணி நேரத்திலேயே வெறுத்திருப்போம்.

யூட்டாவின் உடம்புக்கு வருவோம். அவன் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் நட்சத்திரம். முழங்கால் போனதால் ஆட்டம் போனது, சட்டம் படித்து எஃப்.பி.ஐ.க்கு வந்தான். முழங்கால் என்பது அவனுடைய இழந்துபோன முதல் வாழ்க்கை. போதியின் கூட்டம் அவனைச் சேர்த்துக்கொள்வதும் கடற்கரையில் இரவில் ஆடும் கால்பந்து ஆட்டத்தில்தான். அதாவது அலுவலகத்துக்கு இவன் துணை அதிகாரிகளில் ஒருவன், இவர்களுக்கோ இழந்த அந்தப் பழைய ஆட்டக்காரன். நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல் இருக்கிறது. சோறு போட்டவனுக்காகச் சாகத் துணிந்த கர்ணனும் கும்பகர்ணனும் நமக்கு அதைச் சொல்லித் தந்தவர்கள். யூட்டாவின் சிக்கல், ஒரு பக்கம் சம்பளமும் பதவியும் தருகிறது, மறுபக்கம் அவன் உடம்பைத் திருப்பித் தருகிறது. எது சோறு என்றே அவனுக்கு விளங்கவில்லை.

கால்வாயில் முழங்கால் மடங்குகிறது. விமானத்திலிருந்து போதி குதித்ததும், பாராசூட் இல்லாமல், துப்பாக்கியை மட்டும் பிடித்துக்கொண்டு யூட்டா பின்னால் குதிக்கிறான். நடுவானில் போதியைப் பற்றிக்கொண்டு, கயிற்றை இழு என்று துப்பாக்கியைக் காட்டுகிறான். போதி மறுக்கிறான். ஒரு கையால் போதியைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு மிச்சமிருப்பது ஒரே கை. துப்பாக்கியைப் பிடித்திருக்கலாம் அல்லது கயிற்றை இழுக்கலாம். துப்பாக்கியை விடுகிறான். (நிஜத்தில் 13,000 அடியிலிருந்து குதித்தால் பாராசூட்டை விரிக்கும் முன் கிடைப்பது சுமார் ஒரு நிமிடம், காற்றிரைச்சலில் ஒரு வார்த்தை காதில் விழாது. இவர்கள் நிதானமாக வாக்குவாதம் செய்கிறார்கள். அதையெல்லாம் கேட்கக் கூடாது.) தரையில் இறங்கியதும் மறுபடி அதே முழங்கால் காலை வாருகிறது, போதி தப்புகிறான். கடைசிக் காட்சியில், அடித்துப் புரண்ட பிறகு தன் மணிக்கட்டையும் போதியின் மணிக்கட்டையும் ஒரே விலங்கில் பூட்டிக்கொள்கிறான். முழங்கால், கை, மணிக்கட்டு. வசனத்தை நம்பாமல் பிகலோ இந்த மூன்றிலும் கதையை நடத்திவிடுகிறார்.

பார்க்கிற நம் உடம்பையும் அவர் சும்மா விடவில்லை. அந்தத் துரத்தல் காட்சியை எடுக்க, ஓடிக்கொண்டே பிடிக்கக்கூடிய எடை குறைந்த கேமரா ஒன்றைப் பயன்படுத்தினார்கள், அதனால் சந்து பொந்துகளில் நாமும் மூச்சிரைக்க ஓடுகிறோம். (முகமூடிக்குள் அப்போது ஓடியது ஸ்வேஸி இல்லை, சண்டைப் பயிற்சிக் கலைஞர்.) நடிகர்கள் ஹவாயில் பயிற்சி எடுத்தார்கள், யூட்டாவாக நடித்த கியானு ரீவ்ஸ் அதற்கு முன் பலகையைத் தொட்டதுகூட இல்லை. ஸ்வேஸி சர்ஃபிங்கில் விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். ஆனால் விமானத்திலிருந்து குதிப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவை தானே குதித்தார்.

இந்த இரண்டு ஆண்களின் இழுபறியில் உண்மையில் அதிகம் ஏமாற்றப்பட்டவள் டைலர். லோரி பெட்டி நடித்த பாத்திரம். அவள் பெற்றோரை இழந்தவள் என்பதை யூட்டா கோப்பில் படித்துத் தெரிந்துகொள்கிறான். தனக்கும் பெற்றோர் இல்லை என்று பொய் சொல்லி அவளைச் சர்ஃபிங் கற்றுத்தரச் சம்மதிக்க வைக்கிறான். போதியின் தத்துவத்தைவிட, ஒற்றனின் வேலை எப்படிப்பட்டது என்பதை இந்தச் சின்னப் பொய் தெளிவாகச் சொல்கிறது. நிஜமான துயரத்தைப் போலித் துயரத்தால் விலைக்கு வாங்குவது. எஃப்.பி.ஐ.யின் ஜோ பிஸ்டோன் 1976 முதல் 1981 வரை நியூயார்க் மாஃபியாவுக்குள் வேறு பெயரில் வாழ்ந்தவர். அவரை நம்பிச் சேர்த்துக்கொண்ட ஆட்கள் அந்த நம்பிக்கைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். படத்தில் இன்னொரு அதிகாரியும் ஒரு நிமிடம் வந்து போகிறார். யூட்டாவும் அவன் கூட்டாளி அதிகாரி பாப்பஸும் தவறான வீட்டில் புகுந்து சுட்டுத் தள்ளிய பிறகு, அந்த வீட்டுக் கும்பலுக்குள் நீண்ட நாளாக ஒளிந்திருந்த போதைத் தடுப்புத் துறை ஆள் வந்து கத்துகிறார். அழுக்குத் தலை, கிழிந்த உடை, கண்ணில் வெறி. இன்னும் சில மாதம் போனால் யூட்டா எப்படி இருப்பான் என்பதற்கு அவர்தான் கண்ணாடி. பூசாமல் மெழுகாமல் வைத்த இந்தக் காட்சியைப் பலரும் கவனிப்பதில்லை.

முடிவு ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச்சில். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயல் அன்று போதி அங்கே வந்தே தீருவான் என்று யூட்டாவுக்குத் தெரியும். புயலியலில் 'ஐம்பதாண்டுப் புயல்' என்றால் எந்த ஆண்டிலும் வருவதற்கு 2 விழுக்காடு வாய்ப்பு என்று மட்டும்தான் பொருள், நாள் குறித்துக்கொண்டு வராது. போதி அதைத் திருவிழாத் தேதி மாதிரி வைத்திருக்கிறான். கதைக்குள் பெல்ஸ் பீச் என்றாலும் நடிகர்கள் நின்றது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில், அந்த ராட்சத அலை வந்தது ஹவாயின் வைமியா விரிகுடாவிலிருந்து. பின்னணியில் தெரியும் ஊசியிலை மரங்களைப் பார்த்து ஆஸ்திரேலியர்கள் இன்னமும் சிரிக்கிறார்கள். அந்த அலையில் ஸ்வேஸிக்குப் பதிலாக இறங்கியவர் டேரிக் டோர்னர். அடுத்த சில ஆண்டுகளில், ஜெட்ஸ்கியால் இழுத்துப்போய்ப் பெரிய அலைகளில் ஏறும் முறையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த முறை வந்த பிறகு கதையின் அடித்தளமே மாறிவிட்டது. 2020 அக்டோபரில் போர்ச்சுகலின் நசாரேயில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 26.21 மீட்டர் அலையில் சறுக்கிவிட்டு உயிரோடு கரைக்கு வந்தார். 1991இல் கைகளால் துழாவிக்கொண்டு அந்தக் கடலுக்குள் போகிறவன் திரும்ப மாட்டான் என்பதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

விலங்கைத் திறந்துவிட யூட்டாவுக்கு அந்த அறிவு போதும். கைதியைத் தப்பவிடுகிறான், அதே சமயம் மரணத்துக்கும் அனுப்புகிறான். கடமையா கருணையா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆமாம், இரண்டுக்கும் இல்லை. பிறகு தன் பேட்ஜைக் கடலில் எறிந்துவிட்டு நடக்கிறான். அந்த வீச்சைத்தான் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. விலங்கைத் திறந்ததில் இருந்த குழப்பத்தை அது அவசரமாகத் துடைத்துவிடுகிறது.

இந்தக் கதை எலும்பு அப்புறம் பல இடங்களில் முளைத்தது. 2001இல் அலைக்குப் பதில் கார்களை வைத்து வந்த 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' ஒரு பெரிய தொடருக்கே விதை போட்டது. 2015இல் இதையே மறுபடி எடுத்தார்கள், நாலு மடங்குக்கும் அதிகமான செலவில். குதித்தார்கள், ஏறினார்கள், பறந்தார்கள். எவனுக்கு எவன் மேல் என்ன பற்று என்று மட்டும் தெரியவில்லை. பிகலோ 2010இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் பெண்ணானார். ஸ்வேஸி அதற்குச் சில மாதம் முன்பு, 2009 செப்டம்பரில், கணையப் புற்றுநோயில் இறந்துபோனார்.

2003இல் சியாட்டிலில் இதை மேடை நாடகமாக்கினார்கள், கேலியும் பாசமுமாக. அதில் மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் ஒத்திகை பார்த்த நடிகர்கள் உண்டு. ஜானி யூட்டாவுக்கு மட்டும் ஆள் கிடையாது. ஒவ்வொரு இரவும் பார்வையாளர்களில் ஒருவரை மேடைக்கு இழுத்து, வசனத்தை அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாத ஒரே ஆள் அந்த மேடையில் அவர்தான்.